ஓரி மலையில் ஒரு கிட்டார்

பதிவு கொஞ்சம் நீளம். மாலை காபி நேரத்தில் ஆற அமர வாசியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது மிளகும் காபியும் பயிர் செய்கிறார். கூடவே பிளஸ் டூ முடித்த மகன். பையன் கையில் ஒரு துண்டுத்தாள். அதில் நாலு கிட்டாரின் பெயர், மூன்று ஆம்ப்ளிஃபயரின் பெயர், எதிரே விலை.

"சார், மிளகு வித்த காசுல இவனுக்கு ஒரு கிட்டார் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்கேன். எதை எடுக்கறதுன்னு தெரியலை. சேலம் போறதுக்கு முன்னாடி உங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தோம்."

"வரலாற்று வாத்தியாரிடம் வந்து கிட்டார் கேட்கிறாயேப்பா" என்று சிரித்தேன்.

"பள்ளிக்கூடத்துல மைக் செட் பொறுப்பு உங்ககிட்டதானே சார் இருந்துச்சு" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சிறு புன்னகை. அதன் பொருள் எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பையனிடம் சொன்னேன்: "தம்பி, எந்த வாத்தியத்தை எடுப்பது, எப்படிச் சுருதி சேர்ப்பது, எவ்வளவு சத்தம் வைப்பது என்ற பேச்சு நம்ம மலைக்குப் புதுசு இல்லை. ஓரி காலத்திலேயே நடந்திருக்கிறது." வாத்தியார் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தானோ என்னவோ, பேசாமல் உட்கார்ந்துவிட்டான். அன்று அவனிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்க்காத கொல்லிமலைக்காரர் இருக்க முடியாது. ஆடி மாதம் விழாவும் எடுக்கிறோம். ஒரே அம்பில் ஐந்து உயிர்களை வீழ்த்திய கதை குழந்தைக்கும் தெரியும். அந்தக் கதை வருவது புறநானூற்றின் 152ஆம் பாட்டில். பாடியவர் வன்பரணர். அம்புக் கதையோடு நாம் நிறுத்திவிடுகிறோம். அதே பாட்டில் ஒரு கச்சேரிக்கான ஆயத்தமும் இருக்கிறது. அதைக் கவனித்தவர்கள் குறைவு.

காட்சி இதுதான். பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியே வருகிறது. எதிரே ஒரு வேட்டுவன். அவன் விட்ட அம்பு யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் உருட்டி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. ஆளைப் பார்த்தால் வேட்டுவன் மாதிரி தெரியவில்லை. மார்பில் ஆரம் தொங்குகிறது. இவன் ஓரிதானோ, வேறு யாரோ என்று ஐயம். சரி, ஒரு பாட்டுப் பாடிப் பார்ப்போம் என்று கூட்டத்தின் தலைவர் ஒவ்வொருவருக்கும் வேலை சொல்கிறார்.

முழவுக்கு மண் பூசச் சொல்கிறார். அதாவது தோலின் மீது மார்ச்சனை வைத்து அதன் குரலைக் கனமாக்க வேண்டும். யாழைப் பண்ணுக்கு ஏற்றபடி நிறுத்தச் சொல்கிறார். யானைத் துதிக்கை போன்ற தூம்பு, எல்லரி, ஆகுளி எல்லாவற்றையும் எடுக்கச் சொல்கிறார். பதலையை மட்டும் ஒரு பக்கத்தில் மெதுவாக இயக்கச் சொல்கிறார்.

அந்த 'மெதுவாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். பாடுபவரின் குரலைப் பதலை மூடிவிடக் கூடாது. இன்று மேடையில் மிக்சர் முன்னால் உட்கார்ந்து ஒருவர் ஒவ்வொரு குமிழாகக் கூட்டிக் குறைக்கிறாரே, அதே வேலையை வன்பரணர் வாயால் சொல்லிச் செய்திருக்கிறார். பாடி முடித்து மன்னனை வாழ்த்தும்போது, புகழைக் கேட்டு அந்த வேட்டுவன் நாணி நிற்கிறான். ஓரிதான்! பிறகு மான் இறைச்சியும் தேறலும் தந்து, தன் மலையில் பிறந்த பொன்னும் மணியும் அள்ளிக் கொடுக்கிறான்.

சரி, யாழ் என்றால் என்ன? வில்லின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயர் மகன் குமிழ மரக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்து வாசிக்கிறான். வில்லின் நாணைச் சுண்டினால் ஓசை வரும். ஆனால் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் கேட்கும். மெல்லிய நாண் காற்றை அதிகம் அசைக்காது. அதன் அதிர்வை அகன்ற ஒரு பரப்புக்குக் கடத்திவிட்டால் அந்தப் பரப்பு நிறையக் காற்றைத் தள்ளும். அதற்காகத்தான் யாழுக்குப் பத்தர் என்ற குடம் வைத்து, மேலே தோல் போர்த்தினார்கள். நம் முன்னோரின் ஆம்ப்ளிஃபயர் அதுதான். கரண்ட் தேவையில்லை.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நரம்பைச் சுண்டும்போது நாம் கொடுக்கும் ஆற்றல் ஓரளவுதான். பத்தர் அதை வேகமாகக் காற்றில் கொட்டிவிடும். ஓசை பெரிதாகும், சீக்கிரம் அடங்கியும் போகும். இந்த இடத்தை நினைவில் வையுங்கள். பின்னால் மாண்டலின் சீனிவாசிடம் போகும்போது தேவைப்படும்.

வாத்தியம் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கேட்டால் நான் சீவக சிந்தாமணியைக் காட்டுவேன். திருத்தக்கதேவர் எழுதியது, 10ஆம் நூற்றாண்டு என்பர். உ.வே.சா. 1887இல் பதிப்பித்தார். அதில் காந்தருவதத்தையை யாழ்ப் போட்டியில் வெல்பவனுக்கே மணமுடிப்பது என்று ஏற்பாடு. சீவகன் வருகிறான். யாழ்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவன் எடுத்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போகிறான். இது நீரில் நின்று இளகிய மரம், வேண்டாம். இது வாள் வெட்டுப் பட்ட மரம், வேண்டாம். இது இடி விழுந்த மரம், வேண்டாம். பிறகு ஒரு யாழின் நரம்பைப் பிரித்து, முறுக்குக்குள் சிக்கியிருந்த மயிரை எடுத்துக் காட்டுகிறான்.

போட்டியில் வாசிப்பதற்கு முன்னால் மரம், அதன் பிறகு நரம்பு. கடைக்காரர் சொல்லும் பெயரைக் கேட்டு அவன் எடுக்கவில்லை பாருங்கள்.

யாழ் காலப்போக்கில் வழக்கொழிந்தது. அதன் இலக்கணத்தை மீட்டெடுக்க ஈழத்து விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்து 'யாழ் நூல்' எழுதினார். 1947இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த சில வாரங்களில் அவர் காலமானார்.

யாழ் போன இடத்துக்கு வீணை வந்தது. இன்று நாம் பார்க்கும் 24 மெட்டு வைத்த தஞ்சாவூர் வீணையை 17ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வது மரபு. அது பலா மரத்தில் செய்யப்படுவது. நம் மலையில் பழம் தின்று கொட்டையைத் தூக்கி எறிகிறோமே, அதே பலா. மரத்தைக் குடைந்து, மெட்டுகளை மெழுகில் பதித்து, ஒவ்வொன்றையும் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்திச் சரிசெய்வார்கள். வீணையின் குரல் இனிமையானது, ஆனால் சிறியது. அரண்மனைக் கூடத்துக்குப் போதும். ஆயிரம் பேர் உட்காரும் சபாவுக்குப் போதாது. அதனால் மைக் வந்தது. பிறகு வீணையின் உடம்பிலேயே ஒட்டவைக்கும் தொடு மைக் வந்தது. சபாவில் அது சரியா தவறா என்று வாக்குவாதமும் நடந்தது.

எங்கள் தலைமுறைக்குக் கிட்டார் வந்த வழி வேறு. காது குத்து, கல்யாணம், கோயில் திருவிழா என்றால் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். 1976இல் 'அன்னக்கிளி' வந்த பிறகு இளையராஜாவின் பாட்டுகள் அந்தக் குழாய் வழியாகத்தான் எங்களை எட்டின. அவரே கிட்டார் வாசிக்கக் கற்றவர். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் நிலாப் பாட்டில் வரும் கிட்டாரை வாசித்தவர் சந்திரசேகர். அந்தக் கிட்டாருக்கு எங்கள் ஊர் இளவட்டமே கிறங்கிக் கிடந்தது.

பின்னாளில் ஒரு நல்ல ஸ்பீக்கரில் அதே பாட்டைக் கேட்டபோது திகைத்துப் போனேன். அடியில் ஒரு பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தது! குழாய் ஸ்பீக்கர் நடு ஓசையைத் தூரத்துக்கு வீசும். அடி ஓசையை விழுங்கிவிடும். அத்தனை ஆண்டுகளும் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறோம்.

இப்போது அந்தப் புன்னகைக்கு வருகிறேன்.

1996 என்று நினைவு. நான் வேலை பார்த்த பள்ளியில் ஆண்டு விழா. பிளஸ் ஒன் பையன் ஒருவன் எங்கிருந்தோ ஒரு கிட்டாரை இரவல் வாங்கி, ஒரு மாதம் பழகி, மேடையேறினான். மைக் முன்னால் கிட்டாரைப் பிடித்தான். நாலு தந்தி சுண்டியிருப்பான், ஸ்பீக்கர் 'கூ' என்று ஊளையிட்டது. நான் சத்தத்தைக் குறைத்தேன், கிட்டார் கேட்கவில்லை. கூட்டினேன், மறுபடி ஊளை. கூட்டம் சிரித்தது. சிறப்பு விருந்தினர் காதைப் பொத்திக்கொண்டார். எனக்கு எரிச்சல். "போதும்ப்பா, இறங்கு. இந்த வாத்தியம் எல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன்.

பையன் இறங்கினான். அதன் பிறகு அவன் கிட்டாரைத் தொட்டு நான் பார்க்கவில்லை. அந்தப் பையன்தான் ஞாயிற்றுக்கிழமை மகனோடு வந்தவர்.

பிழை அவனிடமும் இல்லை, கிட்டாரிடமும் இல்லை. நான் ஸ்பீக்கரை மேடையை நோக்கித் திருப்பி வைத்திருந்தேன். ஸ்பீக்கரின் சத்தம் மைக்கில் போய் விழும். மைக் அதை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். அது இன்னும் பெரிதாகி ஸ்பீக்கரில் வரும். மறுபடி மைக்கில் விழும். இப்படிச் சுற்றிச் சுற்றி ஊளையாகிறது. கிட்டாரின் உள்ளீடற்ற வயிறும் அந்தச் சத்தத்தில் அதிர்ந்து எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றும். ஸ்பீக்கரை மேடைக்கு முன்னால் கொண்டுபோய்க் கூட்டத்தின் பக்கம் திருப்பி, மைக்கைக் கிட்டாருக்கு ஒரு சாண் அருகில் வைத்திருந்தால் முடிந்திருக்கும். ஐந்து நிமிட வேலை.

ஓய்வுக்குப் பிறகுதான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. நான் அன்று தடுமாறிய இதே சிக்கலில்தான் எலக்ட்ரிக் கிட்டாரின் வரலாறே வளர்ந்திருக்கிறது.

1920களில் அமெரிக்க இசைக்குழுக்களில் ஊது வாத்தியங்களுக்கு நடுவே கிட்டார் காணாமல் போனது. அப்போது மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் கிட்டாருக்கு மவுசு. 1931இல் ஜார்ஜ் பீச்சம் என்பவர் காந்தத்தையும் செம்புக் கம்பிச் சுருளையும் வைத்து ஒரு 'பிக்அப்' செய்தார். எஃகுத் தந்தி காந்தப் புலத்தில் அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கும். ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட அந்த அலுமினியக் கிட்டாருக்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர் வந்தது. பார்க்கவும் அப்படித்தான் இருக்கும்.

சாதாரண கிட்டார்களிலும் பிக்அப் வைத்தார்கள். சத்தம் கூடியதும் ஊளை வந்தது. என் ஆண்டு விழாவில் வந்த அதே ஊளைதான். அதற்கு விடையாக வயிறே இல்லாத, கெட்டிப் பலகையால் ஆன கிட்டார் வந்தது. அதைப் பெருமளவில் செய்து விற்றவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது! 1950இல் அவருடைய முதல் பலகைக் கிட்டார், 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். வாசிப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார்.

சுருள் ஒன்றாக இருந்தால் வீட்டுக் கரண்டின் 'ம்ம்ம்' என்ற இரைச்சலையும் அது வாங்கிவிடும். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை அடக்கினார். அதைத்தான் பையன்கள் ஹம்பக்கர் என்கிறார்கள். 1962இல் லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டரின் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பார்த்துத் தன் பட்டறையில் அதைப் போலவே செய்யத் தொடங்கினார். அதிலிருந்து முரட்டுக் குரல் பிறந்தது. 1964இல் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பிளேடால் கீறி அந்தக் கிழிந்த ஓசையையே பாட்டாக்கினார். கேட்கத் தெரிந்தவர் கையில் குறையும் குரலாகிவிடும்.

இதையெல்லாம் விட என் மனதுக்கு நெருக்கமானது நம் பக்கத்துக் கதை. ஆந்திரத்தின் பாலகொல்லுவில் 1969இல் பிறந்த சீனிவாஸ், தந்தையின் மாண்டலினை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். மாண்டலினின் இரட்டைத் தந்திகள் கமகத்துக்கு இடம் கொடுக்காது. ஓசையும் சட்டென்று அடங்கிவிடும். பத்தர் வேகமாகக் கொட்டிவிடும் என்றேனே, அதே சிக்கல். கர்நாடக இசையில் ஒரு சுரத்தைப் பிடித்து அசைத்து இழுக்க வேண்டும். அதற்குள் ஓசை செத்துவிட்டால் ராகம் எங்கே நிற்கும்?

அவர் எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார். இரட்டைத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கினார். கெட்டி உடம்பில் தந்தி நீண்ட நேரம் அதிரும். பிக்அப்பும் ஆம்ப்ளிஃபயரும் அந்த மெல்லிய வால் ஓசையையும் காதுக்குக் கொண்டுவரும். 1981இல் சென்னையில் அந்தச் சிறுவன் மேடையேறியபோது கச்சேரியில் எலக்ட்ரிக் வாத்தியமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சில ஆண்டுகளில் அவர்களே முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். 1998இல் பத்மஸ்ரீ. 2014இல், 45 வயதில், நம்மை விட்டுப் போனார். கிட்டாரிலேயே கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னா போன்றவர்களும் இருக்கிறார்கள்.

சீனிவாஸ் கரண்டைத் தேடிப் போனது சத்தத்துக்காக அல்ல, கமகத்துக்காக. என்ன ஓசை வேண்டும் என்று முதலில் மனதில் கேட்டார். வாத்தியத்தை அதற்கேற்ப மாற்றினார்.

பையனிடம் நான் சொன்னதும் இதுதான். தாளில் இருந்த பெயர்களை நான் அடிக்கவில்லை. ஓரத்தில் சில வரிகள் எழுதிக் கொடுத்தேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவலாம்.

சீவகன் மாதிரி முதலில் மரத்தைப் பார். கழுத்துப் பலகையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் முறுக்கு தெரியும். 12ஆம் மெட்டின் மேலே தந்தியை லேசாகத் தொட்டுச் சுண்டு. பிறகு அதே மெட்டில் அழுத்திச் சுண்டு. இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த ஆம்ப்ளிஃபயராலும் அதைக் காப்பாற்ற முடியாது. அபசுரத்தைப் பெரிதாக்கித்தான் காட்டும்.

தந்தி மெட்டுக்கு மேலே அதிக உயரத்தில் இருந்தால் விரல் புண்ணாகும், ஒரு மாதத்தில் ஆசை போய்விடும். கடையிலேயே சரிசெய்து தரச் சொல். பணத்தில் பெரும் பங்கைக் கிட்டாருக்கு வை. ஆம்ப்ளிஃபயர் சிறியதாக இருக்கட்டும். வீட்டுக்குள் பெரிய ஆம்ப்ளிஃபயரை ஒன்றில் வைத்து வாசிப்பதைவிடச் சிறியதை நடுவில் வைத்து வாசித்தால் ஓசை நன்றாக விளங்கும். அதைத் தரையில் மூலையில் ஒட்டி வைக்காதே, ஓசை குமுறும். நாற்காலி மேல் வைத்துக் காதைப் பார்த்துத் திருப்பு.

நம் மலை ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. மழைக்காலத்தில் துணியே காயாது. மரம் ஈரம் குடித்து உப்பும், தந்தி துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் தந்தியைத் துடைத்துப் பெட்டிக்குள் வை. கூடவே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போடு. ஓசை மங்கினால் புது ஆம்ப்ளிஃபயர் தேடுவதற்கு முன் தந்தியை மாற்றிப் பார். இரைச்சல் வந்தால் முதலில் வீட்டு எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் காட்டு. மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டுச் சொருகாதே, உயிருக்கு ஆபத்து.

எழுதி முடித்த பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னேன்: "அன்னைக்கு ஆண்டு விழாவுல தப்பு என்னோடதுப்பா. ஸ்பீக்கரை நான்தான் தப்பாத் திருப்பி வச்சேன். உன்னை இறக்கிவிட்டிருக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அதெல்லாம் பழசு சார். ஆனா இவ்வளவு நாளும் நான்தான் ஏதோ தப்பா வாசிச்சேன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார்.

முப்பது ஆண்டு நெருங்கப் போகிறது நண்பர்களே. ஒரு மனிதர் அதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்.

ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய இன்னொரு பாட்டு, புறநானூறு 153. ஓரியிடம் பரிசு பெற்ற பாணர்கள் பசி தீர்ந்து, வாத்தியங்கள் முழங்கியும் ஆட முடியாமல், பாட்டையும் மறந்துவிட்டார்கள் என்று முடிகிறது அது. வகுப்பில் இதைப் பலமுறை ரசித்து நடத்தியிருக்கிறேன். அந்த மலையிலேயே என் ஒரு சொல்லால் ஒருவர் பாட்டை மறந்திருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நேற்று அவர் போன் செய்தார். சேலத்தில் கிட்டார் வாங்கியாயிற்று. பட்டியலில் இருந்ததில் விலை குறைந்ததைத்தான் பையன் எடுத்தானாம். நாலு கிட்டாரையும் 12ஆம் மெட்டில் சோதித்துப் பார்த்துவிட்டு. கடைக்காரர் கொஞ்சம் சலித்துக்கொண்டாராம். ராத்திரி பையன் தூங்கிய பிறகு அப்பா அதை எடுத்துப் பார்த்தாராம். "ரெண்டு கார்டு இன்னும் ஞாபகம் இருக்கு சார்" என்றார்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளி விழாவில் ஸ்பீக்கர் ஊளையிட்டால், ஸ்பீக்கரைத் திருப்பி வையுங்கள். பிள்ளையை இறக்கிவிடாதீர்கள்.

வீணை, கிட்டார், மைக் செட் பற்றி உங்கள் ஊர் அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் வாசிப்பேன்.